வெளுத்த பனியனும் வெளியேறிய எலெக்ட்ரானும்

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் கறுப்புப் பனியன் ஒன்றாவது இருக்கும். அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர்ப் பக்கத்து மாணவர்கள் வீட்டில் ஒன்றுக்குப் பத்தாகவே இருக்கும். நெடுநாள் உடுத்திய ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். தோள்பட்டையும் முதுகும் பழுப்பேறிக் கிடக்கும். பிறகு அதன் கீழ்மடிப்புத் தையலைச் சற்றே பிரித்து உள்ளே பாருங்கள். வாங்கிய நாளில் இருந்த கறுப்பு அங்கே ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

நிறம் போனதற்குத் துவைத்தது மட்டுமே காரணம் என்றால் மடிப்புக்குள்ளும் போயிருக்க வேண்டும். சோப்புநீர் மடிப்புக்குள்ளும் புகுகிறது அல்லவா? மடிப்புக்குள் புகாதது வெயில் ஒன்றுதான். "வெயிலில் வெளுத்துவிட்டது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது முற்றிலும் சரியே.

ஆனால் வெயில் அந்தச் சாயத்தை என்ன செய்தது? வெயிலுக்குக் கையில்லை, சோப்பில்லை. வந்து விழுவது ஒளி மட்டுமே. வெறும் ஒளி ஒரு பொருளை எப்படி மாற்றுகிறது?

இதற்கான விடையின் பெரும்பகுதி, சாய மூலக்கூறு ஒன்றிலிருந்து ஓர் எலெக்ட்ரான் இடம் மாறுவதில் இருக்கிறது. அதே இடமாற்றத்தைத் தொடக்கமாகக் கொண்டுதான் பச்சை இலை உணவு சமைக்கிறது. சாயம் பூசிய கண்ணாடித் தகடு மின்சாரம் தருவதும் அதனால்தான். நொய்யல் ஆற்றின் சாயக்கழிவோடும் அதற்குத் தொடர்பு உண்டு. ஒரே நிகழ்ச்சி ஓரிடத்தில் அழிக்கிறது, இன்னோரிடத்தில் ஆக்குகிறது. வேறுபாடு எங்கே என்று பார்ப்போம்.

நிறத்தைத் தாங்கும் பகுதி

ஒரு பொருள் நிறமாகத் தெரிவதற்குக் காரணம், அது வெள்ளொளியின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புவதே. மூலக்கூறு முழுவதும் இந்த வேலையைச் செய்வதில்லை. அதில் ஒரு குறிப்பிட்ட பகுதியே ஒளியை விழுங்குகிறது. 1876 ஆம் ஆண்டில் ஆட்டோ விட் என்ற வேதியியலார் இப்பகுதிக்குக் குரோமோஃபோர் என்று பெயரிட்டார். தமிழில் நிறந்தாங்கி எனலாம்.

பருத்திக்குப் போடும் சாயங்களில் மிகுதியாகக் காணப்படும் நிறந்தாங்கி அசோ தொகுதி. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்து, இருபுறமும் வளையங்களைப் பற்றிக்கொண்டு நிற்கும் அமைப்பு இது. சாயப்பட்டறைகளில் கறுப்புக்கு அடிப்படையாக உதவும் ரியாக்டிவ் பிளாக் 5 என்ற சாயத்தில் ஒன்றல்ல, இரண்டு அசோ தொகுதிகள் உள்ளன. நடுவில் உள்ள நாஃப்தலீன் வளையம் இரண்டையும் இணைக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய நிறந்தாங்கிபோல் வேலை செய்வதால், இது 600 நானோமீட்டருக்கு அருகிலுள்ள ஆரஞ்சு ஒளியை வலுவாக விழுங்குகிறது. ஆரஞ்சு போய்விட்டால் மிஞ்சுவது கருநீலம். அதோடு ஆரஞ்சு அல்லது சிவப்புச் சாயம் சிறிது கலந்தால்தான் முழுக் கறுப்பு கிடைக்கும். கருநீலம் மட்டும் முதலில் சிதைந்துபோனால் என்ன ஆகும்? கலந்திருந்த ஆரஞ்சும் சிவப்பும் தலைகாட்டும். கறுப்புப் பனியன் பழுப்பாவதன் இரகசியம் இதுவே.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒளித்துகள் ஒன்றின் ஆற்றலை எலெக்ட்ரான் வோல்ட்டில் அறிய, 1240 என்ற எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் போதும். 600 நானோமீட்டர் ஒளிக்கு இது ஏறத்தாழ 2 எலெக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தில் ஒரு மூலக்கூறு அங்குமிங்கும் இடிபடும்போது பெறும் ஆற்றலோ சுமார் 0.025 எலெக்ட்ரான் வோல்ட்தான். ஆக, ஒரே ஒளித்துகள் வெப்ப ஆற்றலைப்போல் எண்பது மடங்கு ஆற்றலை ஒரே அடியாகக் கொண்டுவந்து ஒரு மூலக்கூறின் மடியில் கொட்டுகிறது. கொதிநீர்ச் சாயத்தொட்டியில் மணிக்கணக்கில் கிடந்தும் சிதையாத சாயம் வெயிலில் சிதைவது ஏன் என்பது இப்போது புரிகிறதா?

பரணில் ஏறிய எலெக்ட்ரான்

மூலக்கூறை ஒரு வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக உட்கார்ந்திருக்கின்றன. மேலே பரண் காலியாக இருக்கிறது. ஒளித்துகள் வந்து மோதியதும் தரையிலிருந்த ஓர் எலெக்ட்ரான் பரணுக்குத் தாவுகிறது. இதையே மூலக்கூறு கிளர்ச்சியுற்றது என்கிறோம்.

இந்நிலையில் இரண்டு மாற்றங்களைக் கவனியுங்கள். முதலாவது, பரணில் இருக்கும் எலெக்ட்ரான் உயரத்தில் இருப்பதால் பக்கத்து மூலக்கூறு அதை எளிதாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, தரையில் ஓர் இடம் காலியாகிவிட்டதால் பக்கத்து மூலக்கூறின் எலெக்ட்ரான் ஒன்று அங்கே வந்து உட்காரலாம். அதாவது, ஒளி பட்ட மூலக்கூறு எலெக்ட்ரானைக் கொடுப்பதிலும் கெட்டி, வாங்குவதிலும் கெட்டி. இருட்டில் அமைதியாக இருந்த அதே மூலக்கூறுதான் இது!

ஆனால் பரணில் எலெக்ட்ரான் நெடுநேரம் தங்குவதில்லை. அசோ சாயங்களில் அது பெரும்பாலும் சில பிக்கோ விநாடிகளுக்குள் தரைக்கு இறங்கிவிடுகிறது. ஒரு பிக்கோ விநாடி என்பது ஒரு விநாடியில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. இறங்கும்போது ஆற்றல் வெப்பமாகிவிடும், சாயத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. வெயிலில் கறுப்புச் சட்டை அதிகம் சுடுவது இதனால்தான். ஒளித்துகள்களை ஆயிரமாயிரமாக விழுங்கினாலும் சாய மூலக்கூறு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. எப்போதோ ஒரு முறைதான் எலெக்ட்ரான் இறங்குவதற்குள் வேறு கைக்குப் போய்விடும், அல்லது வேறோர் எலெக்ட்ரான் வந்து சேர்ந்துவிடும். அப்படிக் குறையோ மிகையோ பட்ட மூலக்கூறு உடனே பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால், அருகிலுள்ள நீருடனோ ஆக்ஸிஜனுடனோ வினைபுரிந்து சிதைகிறது. நைட்ரஜன் பிணைப்பு முறிந்தால் நிறந்தாங்கியும் இல்லை, நிறமும் இல்லை.

சாயம் சிதைய வேறொரு வழியும் உண்டு. கிளர்ச்சியுற்ற மூலக்கூறு தன் எலெக்ட்ரானைக் கொடுக்காமல் ஆற்றலை மட்டும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனுக்குக் கொடுத்துவிடலாம். ஆற்றல் பெற்ற அந்த ஆக்ஸிஜன் சாயத்தைத் தாக்கும். ஈரமான துணி வெயிலில் வெளுப்பதில் ஆக்ஸிஜனின் பங்கு பெரிது.

போய்த் திரும்பும் எலெக்ட்ரான்

எலெக்ட்ரான் போய்விட்டு ஒழுங்காகத் திரும்பினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாலேயே பார்க்க முடியும். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் செய்துகாட்டும் அழகான சோதனை ஒன்று உண்டு. தயோனின் என்பது ஊதா நிறச் சாயம். அதை மிகச் சிறிதளவு நீரில் கரைத்து, நீர்த்த கந்தக அமிலமும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் சேர்க்கிறார்கள். குடுவையின் மேல் பலமான விளக்கொளியைப் பாய்ச்சினால் ஊதா நிறம் மறைந்து கரைசல் தண்ணீர்போல் தெளிகிறது. விளக்கை அணைத்தால் சற்று நேரத்தில் நிறம் தானாகவே திரும்பி வருகிறது. மீண்டும் விளக்கேற்றினால் மீண்டும் மறைகிறது!

இங்கே ஒளி பட்ட தயோனின், இரும்பு அயனியிடமிருந்து எலெக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. எலெக்ட்ரான் மிகுந்த தயோனினுக்கு நிறம் கிடையாது. இருட்டானதும் அந்த எலெக்ட்ரான்கள் இரும்புக்கே திரும்பிவிடுகின்றன. சாயம் பழைய சாயமாகிறது. பனியனில் நிகழ்ந்த வெளுப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: இங்கே கணக்கு நேராகிவிடுகிறது.

எலெக்ட்ரான் திரும்பும் வழியில் ஒரு கம்பியை வைத்து, அந்தக் கம்பி வழியாகவே அதைத் திரும்பச் செய்தால்? அதுதான் மின்னோட்டம். தயோனினும் இரும்பும் சேர்ந்து ஒளியால் மின்னழுத்தம் தருவதை இரபினோவிச் என்ற அறிஞர் 1940 இல் விளக்கினார். இத்துறையில் தமிழர்களின் பங்கும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆர். தமிழரசன், பி. நடராஜன் ஆகிய இருவரும் தயோனினை நீண்ட பாலிமர்ச் சங்கிலிகளில் பிணைத்து, மெல்லிய படலமாக்கி, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி மின்சாரம் பெற்றனர். இந்த ஆய்வு 1981 இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. சாயம் கரைசலில் அலையாமல் சங்கிலியில் கட்டுண்டு கிடப்பது இதன் சிறப்பு. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் இத்தகைய அதிவிரைவு நிகழ்ச்சிகளை லேசர் ஒளித் துடிப்புகளால் ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய மையம் அமைந்தது.

அவசரக்கார எலெக்ட்ரான்

இத்தகைய மின்கலங்கள் எளிதில் வெற்றி பெறவில்லை. காரணம், எலெக்ட்ரானின் அவசரம். போன எலெக்ட்ரான் கம்பி வழியாகச் சுற்றிவர விரும்புவதில்லை. பக்கத்திலேயே காலி இடம் இருக்கும்போது அங்கேயே குதித்துவிடுகிறது. ஒளியின் ஆற்றல் வீணாக வெப்பமாகிறது.

இந்தத் தாவல்களின் வேகத்தை எது தீர்மானிக்கிறது? கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த ருடால்ஃப் மார்க்கஸ் 1956 இல் இதற்கொரு கோட்பாடு தந்தார். எலெக்ட்ரான் மிக இலேசானது, கணத்தில் தாவிவிடும். அதைச் சூழ்ந்துள்ள அணுக்களும் நீர் மூலக்கூறுகளும் கனமானவை, அவை மெதுவாகவே நகரும். எனவே சூழல் முதலில் தற்செயலாக அசைந்து, தாவலுக்கு முன்னும் பின்னும் ஆற்றல் சமமாக இருக்கும்படி அமைய வேண்டும். அந்தக் கணத்தில்தான் எலெக்ட்ரான் தாவும்.

இக்கோட்பாட்டில் ஒரு வியப்பான முடிவு வந்தது. எலெக்ட்ரான் விழும் பள்ளம் ஆழமாக ஆக வேகம் கூடும் என்றுதானே நாம் நினைப்போம்? ஓரளவு வரை அப்படித்தான். அந்த அளவையும் தாண்டிப் பள்ளம் ஆழமானால் வேகம் குறையத் தொடங்கும் என்றார் மார்க்கஸ். பலர் நம்பவில்லை. 1984 இல் மில்லர், கல்காடெரா, குளோஸ் என்ற மூவர், இரண்டு மூலக்கூறுப் பகுதிகளை விறைப்பான சட்டம் ஒன்றின் இரு முனைகளில் பொருத்தி அளந்தபோது, மார்க்கஸ் சொன்னது சரி என்று தெரிந்தது. 1992 இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1956 இல்தான் பருத்தியோடு வேதிப்பிணைப்பாகவே இணையும் ரியாக்டிவ் சாயங்கள் இங்கிலாந்தில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. இன்று திருப்பூரின் பருத்திப் பனியன்களுக்கு நிறம் தருபவை பெரும்பாலும் அந்தக் குடும்பத்துச் சாயங்களே.

மேசை விட்டு மேசை

திரும்பிக் குதிக்கும் எலெக்ட்ரானை எப்படித் தடுப்பது? தொலைவில் வைப்பது ஒரு வழி. புரதத்துக்குள் எலெக்ட்ரான் தாவும் தொலைவு 1.7 ஆங்ஸ்ட்ராம் கூடினால் தாவும் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிறது. ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. ஆகவே 10 ஆங்ஸ்ட்ராம் கூடினால் வேகம் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான். திரும்பி வருவது இப்படித் தடைபடும் என்பது சரி. ஆனால் முதலில் போவதும் அதே அளவுக்குத் தடைபடுமே! இந்தச் சிக்கலை எப்படி அவிழ்ப்பது?

திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் பவர் டேபிளைப் பார்த்திருப்பீர்கள். வெட்டிய துணி ஓவர்லாக்குக்குப் போகிறது. அங்கிருந்து பேட்லாக்குக்கு, பிறகு செக்கிங், அயர்ன், பேக்கிங். ஒவ்வொருவரும் எட்டிக் கொடுப்பது ஒரு கை நீளம்தான். ஆனால் நான்கு மேசை கடந்த பீஸ் முதல் மேசைக்குத் திரும்பி வருவது அரிது. எலெக்ட்ரானையும் இப்படிச் சிறுசிறு தாவல்களாகக் கைமாற்றிவிட்டால், ஒவ்வொரு தாவலும் விரைவாக நடக்கும். கடைசியில் அது வெகுதூரத்தில் இருக்கும்.

இயற்கை இந்த வழியை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா ஒன்றின் வினைமையத்தின் அமைப்பை 1980களில் மிஷல், டைசன்ஹோஃபர், ஹூபர் என்ற மூவர் அணு அணுவாகக் கண்டறிந்து 1988 இல் நோபல் பரிசு பெற்றனர். அதற்குள் நான்கு பாக்டீரியக் குளோரோஃபில்களும், அவற்றின் உறவுக்காரர்களான இரண்டு ஃபியோஃபைட்டின்களும் உரிய இடைவெளிகளில் நிற்கின்றன. ஒளி பட்டதும் ஒரு குளோரோஃபில் இணையிலிருந்து எலெக்ட்ரான் புறப்பட்டு, சுமார் 3 பிக்கோ விநாடியில் ஃபியோஃபைட்டினை அடைகிறது. அங்கிருந்து சுமார் 200 பிக்கோ விநாடியில் குயினோன் என்ற மூலக்கூறுக்குப் போகிறது. ஃபியோஃபைட்டினிலிருந்து பின்னோக்கித் திரும்ப வேண்டுமானால் சுமார் 10,000 பிக்கோ விநாடி ஆகும். முன்னோக்கிய பாதை ஐம்பது மடங்கு விரைவானது! அதனால் விழுங்கிய ஒளித்துகள் ஏறத்தாழ ஒவ்வொன்றும் ஓர் எலெக்ட்ரானை அக்கரை சேர்க்கிறது.

இதைப் பார்த்து மனிதனும் முயன்றான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெவன்ஸ் கஸ்ட், தாமஸ் மூர், ஆனா மூர் முதலானோர் 1984 இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று பகுதிகளைக் கொண்ட ஒரு மூலக்கூறை விவரித்தனர். நடுவில் பார்ஃபிரின். குளோரோஃபில்லுக்கும் நம் இரத்தத்தின் ஹீமுக்கும் அடிப்படையான வளையம் இது. ஒரு பக்கம் குயினோன். மறுபக்கம் காரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு வகை. ஒளியை விழுங்கிய பார்ஃபிரின் தன் எலெக்ட்ரானைக் குயினோனுக்குக் கொடுக்கிறது. அது திரும்பி வருவதற்குள், பார்ஃபிரினின் காலி இடத்தைக் கரோட்டினாய்டு தன் எலெக்ட்ரானால் நிரப்பிவிடுகிறது. இப்போது காலி இடம் ஒரு கோடியில், எலெக்ட்ரான் மறுகோடியில். கரோட்டினாய்டு இல்லாத இரட்டை மூலக்கூறில் நானோ விநாடிகூட நிலைக்காத மின்பிரிவு, இதில் மைக்ரோ விநாடி அளவுக்கு நீடித்தது. மூன்றாவது உறுப்பைச் சேர்த்ததால் வந்த பலன் இது.

1991 இல் சுவிட்சர்லாந்தில் பிரையன் ஓ ரீகனும் மைக்கேல் கிராட்ஸலும் சாயம் பூசிய சூரிய மின்கலத்தை அமைத்தனர். வெள்ளைப் பெயின்ட்டில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடின் மிக நுண்ணிய தூளைப் படலமாக்கி, அதன்மேல் மூன்று ருத்தீனிய அணுக்கள் கொண்ட ஒரு சாயத்தை ஏற்றினர். ஒளி பட்டதும் சாயம் தன் எலெக்ட்ரானை அந்த வெள்ளைத் தூளுக்குள் செலுத்துகிறது. சாயத்தின் காலி இடத்தைக் கரைசலில் உள்ள அயோடைடு உடனே நிரப்புகிறது. சூரிய ஆற்றலில் 7 சதவீதத்துக்கும் மேல் மின்சாரமாயிற்று. சாயம் பிழைத்தது, பிழைத்ததால்தான் மீண்டும் மீண்டும் வேலை செய்தது.

துணியில் நடக்கும் கைமாற்றம்

இனித் திருப்பூருக்குத் திரும்புவோம். துணியில் நிறங்கள் தனியாக இருப்பது குறைவு. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் வேண்டிய அளவில் கலந்துதான் பெரும்பாலான நிறங்களைப் போடுகிறார்கள். நூலிழைக்குள் வெவ்வேறு நிறந்தாங்கிகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஒளியை ஒன்று விழுங்க, கேடு இன்னொன்றுக்கு வருவது உண்டு. மஞ்சளும் மயில்நீலமும் கலந்து பச்சையாக்கிய துணியில், தனியாக இருந்தால் வெயிலைத் தாங்கும் மஞ்சள், நீலத்தின் கூட்டில் விரைவாக வெளுத்துவிடலாம். பச்சை நீலமாக மாறிவிடும். நீலச் சாயம் விழுங்கிய ஆற்றல் ஆக்ஸிஜன் வழியாக மஞ்சளைத் தாக்குவதே இதற்கு முக்கிய காரணம்.

சில பச்சைச் சாயங்களில் மஞ்சள் நிறந்தாங்கியும் நீல நிறந்தாங்கியும் ஒரே மூலக்கூறுக்குள்ளேயே இருக்கின்றன. நடுவில் டிரையசீன் என்ற வளையம் தடுப்புச் சுவர்போல் நின்று, இரண்டும் கலந்து ஒன்றாகிவிடாமல் காக்கிறது. கலந்துவிட்டால் பச்சை கிடைக்காது. ரியாக்டிவ் பிளாக் 5 இல் இரண்டு அசோ தொகுதிகளும் கலந்து ஒன்றானதைக் கண்டோம். இங்கே இரண்டும் பிரிந்தே நிற்கின்றன. பல நிறந்தாங்கிகளைச் சேர்ப்பதில் இடையே என்ன வைக்கிறோம் என்பது அத்தனை முக்கியம்.

வியர்வையும் ஒரு பங்காளி. வியர்வையில் லாக்டிக் அமிலமும் அமினோ அமிலங்களும் இருக்கின்றன. ஒளி பட்ட அசோ சாயத்துக்கு இவை எலெக்ட்ரானைக் கொடுத்துவிடும். தயோனினுக்கு இரும்பு கொடுத்ததுபோலத்தான், ஆனால் இங்கே கணக்கு நேராவதில்லை. விளையாட்டு உடைகளுக்கு வெயிலும் வியர்வையும் சேர்ந்த சோதனையைத் தனியாகவே செய்வது இதனால்தான்.

ஏற்றுமதித் துணியின் வெயில் தாங்கும் திறனை அளக்க, செனான் விளக்கின் கீழ் துணித்துண்டை வைக்கிறார்கள். பக்கத்தில் 1 முதல் 8 வரை எண்ணிட்ட நீலக் கம்பளித் துண்டுகளை வைத்து ஒப்பிடுகிறார்கள். 1 விரைவில் வெளுக்கும், 8 மிக நெடுநாள் தாங்கும். ஒரு படி ஏறினால் தாங்கும் காலம் ஏறத்தாழ இரு மடங்கு. சாயத்தைப் படைப்பவர்கள் இந்த எண்ணை உயர்த்தவே பாடுபடுகிறார்கள்.

நொய்யல் கேட்கும் கேள்வி

இங்கேதான் ஒரு முரண்பாடு எழுகிறது. ரியாக்டிவ் சாயம் பஞ்சில் உள்ள செல்லுலோஸோடு இணைய வேண்டியது. ஆனால் தொட்டியில் தண்ணீரும் இருக்கிறதே! ஒரு பங்கு சாயம் தண்ணீரோடு வினைபுரிந்து கெட்டுவிடும். அது துணியில் ஒட்டாமல் கழிவோடு போகும். துணியில் வெயிலைத் தாங்க வேண்டும் என்று நாம் ஊட்டிய வலிமை, ஆற்றுக்கு வந்தபின் நமக்கே எதிரியாகிறது. துணியில் நிலைத்த நிறம் ஆற்றிலும் நிலைக்கும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் காவிரியில் கலக்கும் நொய்யலுக்கு நேர்ந்தது இதுதான். பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. அணை நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அவர்கள் தொடுத்த வழக்கில், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரி 28 இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன. அந்த மாதங்களை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வேலை இழந்த சாயப்பட்டறைத் தொழிலாளியும் அவரே, கிணற்று நீர் கெட்ட உழவரின் உறவினரும் அவரே என்ற வீடுகள் இப்பகுதியில் பல உண்டு.

சாயத்தை வெளுக்கும் அதே வெயிலைக் கொண்டு கழிவுநீரைத் தெளிய வைக்க முடியாதா? முடியும். ஜப்பானில் ஹோண்டாவும் ஃபுஜிஷிமாவும் 1972 இல், டைட்டானியம் டை ஆக்ஸைடு மின்வாயில் ஒளியைப் பாய்ச்சி நீரையே பிரிக்க முடியும் என்று காட்டினர். அந்தத் தூளைச் சாய நீரில் கலந்து வெயிலில் வைத்தால் சாயம் சிதைகிறது. புற ஊதாக் கதிர் பட்டால் தூளே எலெக்ட்ரானை இடம்பெயர்க்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி பட்டால், தூளின்மேல் ஒட்டிய சாயம் தன் எலெக்ட்ரானைத் தூளுக்குக் கொடுக்கிறது. கிராட்ஸலின் மின்கலத்தில் நடந்த அதே செயல்! ஆனால் இங்கே காலி இடத்தை நிரப்ப அயோடைடு இல்லை. ஆகவே சாயம் சிதைகிறது. மின்கலத்தில் நாம் காப்பாற்றும் சாயத்தை, கழிவுநீரில் வேண்டுமென்றே கைவிடுகிறோம். நம் நாட்டு ஆய்வுக்கூடங்கள் பலவும் இதில் ஈடுபட்டுள்ளன.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீர் அன்று. ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்ந்த நிறங்களுக்கு ஒரு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் போடுவார்கள். சோடியம், குளோரைடு, சல்ஃபேட் அயனிகளுக்கு நிறந்தாங்கி கிடையாது. அவை வெயிலை விழுங்குவதில்லை, எனவே வெயிலால் சிதைவதும் இல்லை. நிறம் போனபின் கண்ணுக்குத் தெரியாமல் நிற்பது அந்த உப்புத்தான். வயலைப் பாழாக்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. சாயம் சிதைந்த துண்டுகளும் எப்போதும் தீங்கற்றவை அல்ல. எனவேதான் திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்ணுயிர்ச் சுத்திகரிப்புக்குப் பின் எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள் என்று பல படிகள் வைத்து, நீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்துகிறார்கள். இதற்குச் செலவாகும் மின்சாரமும் எரிபொருளும் கொஞ்சமல்ல. அந்தச் சுமையைக் குறைக்க, உப்புக் குறைவாகக் கேட்கும் சாயமும், துணியில் முழுவதும் ஒட்டும் சாயமும் வேண்டும். அவற்றை உருவாக்குவதும் மூலக்கூறுகளை அறிந்தவர்களின் வேலையே.

நீங்களே செய்து பாருங்கள்

கட்டிங் வேஸ்ட் துணியில் பச்சை, கறுப்பு, மயில்நீலம் என நிறத்துக்கு நான்கு துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை உலர்ந்தபடி விடுங்கள். இரண்டாவதை நாள்தோறும் தண்ணீரில் நனையுங்கள். மூன்றாவதைப் புளித்த மோரின் தெளிநீரில் சிட்டிகை உப்பிட்டு நனையுங்கள். மோரில் லாக்டிக் அமிலம் உண்டு, அது வியர்வைக்குப் பதிலாக உதவும். இந்த மூன்றிலும் பாதியைத் தடித்த அட்டையால் மூடி மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். நான்காவதை மோர்த் தெளிவில் நனைத்து இருட்டுப் பெட்டியில் வையுங்கள். முப்பது நாள் கழித்து அட்டையை எடுத்து ஒப்பிடுங்கள். வாரந்தோறும் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். எந்த நிறம் முதலில் போயிற்று? மோர் என்ன செய்தது? இருட்டில் இருந்த துண்டு என்ன சொல்கிறது? சாயத்துக்குச் சாயம் விடை வேறுபடும், ஆகவே அதை இங்கே எழுதவில்லை.

அட்டையை எடுக்கும்போது துணியில் ஒரு கோடு தெரியும். ஒரு பக்கம் எலெக்ட்ரான்கள் தம் இடத்தில் இருந்தன. மறுபக்கம் சில போய்விட்டன, காலி இடத்தை யாரும் நிரப்பவில்லை. இலையில் அந்த இடம் ஒவ்வொரு முறையும் நிரம்புகிறது, அதனால் நாம் உண்கிறோம். அந்தக் கோட்டுக்கு இருபுறமும் நடந்ததை அறிந்து, வேண்டிய இடத்தில் சாயத்தைக் காக்கவும் வேண்டாத இடத்தில் அழிக்கவும் வல்லவர்கள் நொய்யல் கரைக்குத் தேவைப்படுகிறார்கள். அவர்களுள் ஒருவர் நீங்களாக இருக்கலாம். மொட்டை மாடியில் நாலு துணித்துண்டோடு இன்றே தொடங்குங்கள்.